டெங்கு என்றுதான் நினைத்தோம்

கொழும்பில் காய்ச்சல் என்றால் முதலில் டெங்குதான் ஞாபகம் வரும். நான் அப்போது 32 கிழமைக் கர்ப்பிணி. ஞாயிறு பின்னேரம் குளிரத் தொடங்கி, இரவு 101 பாகைக்கு ஏறிவிட்டது. முதுகு உளைவு வேறு. எட்டாம் மாதத்தில் முதுகு உளையாதவர் யார்? "நுளம்புதான் பிள்ளை" என்று மாமி பூச்சாடித் தட்டுகளில் நின்ற தண்ணீரையெல்லாம் கொட்டினார்.

மறுநாள் பக்கத்து டொக்டரிடம் போனோம். டெங்கு இல்லை, பிளேட்லட் 2 இலட்சத்துக்கு மேல். "வைரஸ் காய்ச்சல், பனடோல் போடுங்கோ, மூன்று நாள் பார்ப்போம்." சத்தியும் இல்லை, வயிற்றோட்டமும் இல்லை. அதனால் சாப்பாட்டைப் பற்றி அவர் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. அன்றிரவே பிள்ளை அசைவது குறைந்த மாதிரி இருந்தது. விடியும்வரை பொறுக்கவில்லை, நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம்.

வயிற்றில் பட்டி கட்டிப் பிள்ளையின் இதயத்துடிப்பைப் பார்த்தபடியே டொக்டர் கேட்டார்: "போன இரண்டு மாதத்தில பிரிஜ்ஜிலிருந்து எடுத்து, சூடாக்காமல் என்னென்ன சாப்பிட்டீங்கள்?"

இரண்டு மாதமா! யோசித்து யோசித்துச் சொன்னேன்: பாணுக்குள் அப்படியே வைத்துச் சாப்பிட்ட கோழிச் சோசேஜ், காலி வீதியில் வாங்கிய வெட்டுப்பழம். லிஸ்டீரியா என்ற பற்றீரியா பிரிஜ் குளிரிலும் பெருகுமாம். சாப்பிட்டுப் பல கிழமை கழித்தும் காய்ச்சல் வருமாம். தாய்க்குச் சாதாரணக் காய்ச்சலாக இருந்தாலும், நச்சுக்கொடி வழியாகப் பிள்ளையைப் பிடிக்கும் என்றார்.

மலப் பரிசோதனை இதற்கு உதவாது என்று, இரத்தம் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். பெனிசிலின் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டுவிட்டு, ரிப்போட்டுக்குக் காத்திராமல் அதே வகை மருந்தான அம்பிசிலினைத் தொடங்கினார்கள். செஃப்ட்ரையக்சோன் போன்ற வழக்கமான ஊசிகள் இந்தக் கிருமிக்கு வேலை செய்யாதாம். இரண்டு கிராம், நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, 14 நாள். கணக்குப் பார்த்தால் 84 ஊசி. இரவு இரண்டு மணிக்கு நேர்ஸ் லைற்றைப் போட முதலே நான் கையை நீட்டிவிடுவேன். மருந்து ஏற்றும் கனூலாக் குழாய் குத்திய இடமெல்லாம் கன்றிப்போய், கடைசியில் நரம்பு தேடுவதே பெரும்பாடு.

மூன்றாம் நாள் ரிப்போட்டில் லிஸ்டீரியாவே வந்தது. அதற்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது. எந்தச் சாப்பாட்டில் வந்தது என்று தெரியவில்லை. எனக்குச் சோசேஜில் சந்தேகம், டொக்டருக்குப் பழத்தில்.

38ஆம் கிழமை மகள் பிறந்தாள். பிறந்த கையோடு அவளுக்கும் இரத்தம் எடுத்து, நச்சுக்கொடியையும் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அவளுடைய கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை.