ராத்திரிக்கு எங்கே படுப்பார்?

1867ல் வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை, நம்ம வேலூரிலும் கோயில் அன்னதானம், சர்ச்காரர்கள் கொண்டுவரும் பொட்டலம், ரம்ஜான் மாசம் பூண்டும் வெந்தயமும் மணக்கும் நோன்புக் கஞ்சி என்று பசிக்கு ஆள் இருக்கிறது, தூக்கோடு போய் நின்றால் என்ன மதம் என்று யாரும் கேட்பதில்லை, அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

சரி, ராத்திரிக்கு?

காட்பாடி ஸ்டேஷன் பக்கம் ஒரு பெரியவர், செருப்பைத் தலைக்கு வைத்து, ஆதார் கார்டை பிளாஸ்டிக் கவரில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு படுத்திருக்கிறார். நகரத்தில் லட்சம் பேருக்கு, வீடில்லாதவர்கள் 100 பேர் தங்கும் காப்பகம் வேண்டும் என்று அரசு விதியே சொன்னது, அது அவருக்கு எப்படித் தெரியும்?

பொட்டலம் கொடுக்கப் போகிறவர்களே, கொஞ்சம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். ஊர் எது, மாத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். அப்புறம் காப்பகத்தில் இடம் விசாரித்து, கூடவே போய் விட்டுவிட்டு வாருங்கள்.