படகின் வெளிப்பக்கப் பெயிண்ட்: மங்கல், குழி, புள்ளி

ஃபைபர் படகின் வெளிப்பக்கத்துக்கு ஹார்டனர் (பெயிண்டை இறுகவைக்கும் திரவம்) கலந்து அடிக்கும் பாலியூரிதேன் பெயிண்ட், முதல் கோட் காய்ந்துவிட்டது. முன்மூக்கில் முகம் பார்க்கலாம். பின்பக்கம் போகப் போக ஒரே மங்கல். பழைய ஸ்டிக்கர் எழுத்துகள் இருந்த இடத்தில் குண்டூசித் தலை அளவுக் குழிகள். வெயில் படும் பக்கத்தில் ரோலர் புள்ளி.

அடித்தது எல்லாம் ஒரே டப்பாவிலிருந்து. அதனால் பெயிண்டை மாற்றிப் பிரயோஜனமில்லை. குறை எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்தாலே காரணம் பாதி பிடிபட்டுவிடும்.

மங்கலைத்தான் ரொம்ப நேரம் டார்ச் அடித்துப் பார்த்தேன். வேலை நடந்த வரிசையிலேயே அது கூடிக்கொண்டு போகிறது. பின்பக்கம் அடித்தது சாயங்காலம். மேல்விளிம்பில் ஓடும் ரப்பர் பட்டைக்கு அடியில், வானத்தைப் பார்க்காத ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் பளபளப்பு அப்படியே இருக்கிறது. அப்புறம் சந்தேகமே இல்லை, பனிதான். காயாத பெயிண்டில் ஈரம் பட்டால் ஹார்டனர் அதோடு சேர்ந்து கரியமில வாயுவை விடும், பளபளப்பு செத்துவிடும். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் 25 டிகிரியிலேயே பனி படியத் தொடங்கும். படகின் மேற்பரப்பு அதைவிட 3 டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும். பொழுது சாய்ந்ததும் ஃபைபர் வேகமாகக் குளிர்ந்துவிடும். ஆகவே இரண்டாவது கோட்டைக் காலையில் ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு ஆரம்பித்து, மதியத்தோடு நிறுத்தினேன்.

குழிகளுக்குக் காரணம் மெழுகோ சிலிக்கானோதான், பெயிண்ட் அங்கே ஒட்டாமல் விலகி ஓடுகிறது. மேலே இன்னொரு கோட் அடித்தால் மூடிவிடும் என்று சொல்வார்கள். மூடாது, அதே இடத்தில் மறுபடி திறக்கும். முதலில் கரைப்பானில் நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியாகும் முன்பே காய்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். துணியை அடிக்கடி மாற்ற வேண்டும். உப்புத்தாள் அதற்குப் பிறகுதான். முதலிலேயே தேய்த்தால் மெழுகு கீறலுக்குள் இறங்கிவிடும். 220 நம்பர் உப்புத்தாளில் சமமாக்கி, அதைவிட நைசான 320-ல் முடித்து, தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். தண்ணீர் முத்து முத்தாகப் பிரியாமல் ஒரே படலமாக வழிந்தது. அதுதான் எனக்குத் திருப்தி.

ரோலர் புள்ளி சூட்டால் வந்தது. தின்னர் சீக்கிரம் பறந்துவிடுவதால் பெயிண்ட் பரவிச் சமமாக நேரமே கிடைப்பதில்லை. நிழலுக்குத் தார்ப்பாய் கட்டி, மெதுவாக ஆவியாகும் தின்னரைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குள் சேர்த்து, முதலில் கண்ணாடித் துண்டில் அடித்துப் பார்த்தேன். பிறகு நுரை ரோலரால் முழங்கை நீள அகலத்துக்குத் தடவி, பெயிண்ட் தொடாத பிரஷின் நுனியை மேலிருந்து கீழாக லேசாக ஓட்டி, அடுத்த பட்டைக்கு நகர்ந்தேன். ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்த பட்டை சேர வேண்டும். இதற்கு இரண்டு பேர் இருந்தால் உத்தமம். இந்த ஹார்டனரின் ஆவி நுரையீரலுக்கு ஆகாது, சாதாரணத் துணி முகக்கவசம் போதாது. ரசாயன ஆவிக்கான வடிகட்டி மாஸ்க் கட்டாயம்.

இரண்டாவது கோட்டில் மங்கல் இல்லை, குழியும் இல்லை. பின்மூலையில் கொஞ்சம் தூசி ஒட்டியிருக்கிறது. அதை 400 உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்த பிறகு கடைசி கோட்.