வாள்வெட்டு வழக்குகளும் வாய் திறக்க அஞ்சும் ஒழுங்கைகளும்

யாழ்ப்பாணத்தில் வாள்வெட்டு ஒன்று நடந்தால், அடுத்த சில நாட்களில் வரும் செய்தி பெரும்பாலும் ஒரே வடிவில்தான் இருக்கும். விசேட அதிரடிப் படையினர் வரவழைக்கப்பட்டனர், சுற்றிவளைப்பு நடந்தது, சந்தேகநபர்கள் கைதாகினர், வாள்கள் மீட்கப்பட்டன என்ற விவரங்களுடன், மேசையில் வரிசையாகப் பரப்பி வைக்கப்பட்ட வாள்களின் படமும் வெளியாகும். அந்தப் படத்துக்குப் பின் வழக்கு எங்கே போனது, சாட்சி சொல்ல யார் முன்வந்தார்கள், எத்தனை பேர் குற்றவாளிகளாகக் காணப்பட்டார்கள் என்பதைத் தேடிப் பார்த்தால், கிடைப்பது மிகக் குறைவு. இளைஞர் குழுக்களின் வன்முறையை ஒடுக்க எடுக்கப்படும் முயற்சியைக் கைதுகளை வைத்து அளக்காமல், வழக்கு முடியும் இடத்தை வைத்து அளக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

இக்குழுக்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் பதினேழு, பதினெட்டு முதல் இருபதுகளின் நடுப்பகுதி வரையுள்ள பையன்கள். ஊர்ச் சண்டை, விளையாட்டுக் கழகங்களுக்கிடையிலான போட்டி, காதல் தகராறு என்று தொடங்கும் பகை, சில இடங்களில் கூலிக்கு வீடு புகுந்து வெட்டும் தொழிலாகவே மாறியிருக்கிறது. அதற்கான பணம் வெளிநாட்டிலிருந்து அனுப்பப்பட்ட சம்பவங்களும் செய்திகளில் வந்துள்ளன. இலக்கத் தகடு கழற்றிய மோட்டார் சைக்கிள், கறுப்புத் துணியால் மூடிய முகம், வேலி தாண்டி வீசப்படும் பெற்றோல் குண்டு ஆகியவை எங்கள் ஒழுங்கைகளில் எல்லோரும் அறிந்த அடையாளங்கள். பிறந்தநாள் கேக்கை வாளால் வெட்டி ரிக்ரொக்கில் பதிவிட்டதற்காகவே கைதானவர்களும் உண்டு.

பொலிஸார் எதுவுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2016 ஒக்டோபரில் சுன்னாகத்தில் புலனாய்வுப் பொலிஸார் இருவர் வெட்டப்பட்டு, 'ஆவா' என்ற வாள்வெட்டுக் குழுவின் பெயரில் துண்டுப்பிரசுரமும் வெளியான பின்னர், பலர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டனர். 2017 ஜூலை இறுதியில் கொக்குவிலில் பொலிஸ் உத்தியோகத்தர்கள் இருவர் வாளால் தாக்கப்பட்டபோது, அதிரடிப் படையினர் குடாநாட்டுக்கு அழைக்கப்பட்டுத் தேடுதல்கள் தீவிரப்படுத்தப்பட்டன. 2023 டிசம்பர் 17 முதல் நாடு முழுவதும் போதைப்பொருளுக்கும் குற்றக் குழுக்களுக்கும் எதிரான 'யுக்திய' என்ற பொலிஸ் நடவடிக்கை தொடங்கியது. ஒவ்வொரு முறையும் சில வாரங்கள் வீதிகள் அமைதியாகின்றன; பிறகு இன்னொரு ஊரில், இன்னொரு பெயரில், அதே வயதுப் பையன்கள் வருகிறார்கள். வீட்டுப் படலையை உடைக்கும் இளைஞரை பயங்கரவாதச் சட்டத்தின் கீழ் அடைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தண்டனைச் சட்டக்கோவையும் 1966ஆம் ஆண்டின் அபாயகரமான ஆயுதங்கள் சட்டமும் இதற்குப் போதுமானவை. போதாதிருப்பது சாட்சியம்.

அது ஏன் போதாமல் போகிறது என்பதை என் மாமியின் அனுபவம் எனக்குக் காட்டியது. வலிகாமத்தில் உள்ள அவருடைய வீட்டுக்குள் ஒரு மாலையில் மூன்று மோட்டார் சைக்கிள்களில் வந்தவர்கள் புகுந்தார்கள். தகரப் படலையில் மூன்று இடங்களில் வாள் இறங்கி, தகரம் வெளிப்பக்கமிருந்து உள்ளே மடிந்திருந்தது. யன்னல் கண்ணாடிகள் நொருங்கின. முற்றத்தில் நின்ற மச்சானின் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் ஊற்றித் தீ வைத்தார்கள். வேறொருவரைத் தேடி வந்து வீடு மாறிப் புகுந்தவர்கள் என்று பின்னர்தான் தெரிந்தது. 119க்கு அழைத்ததும் பொலிஸார் வந்தார்கள், படம் எடுத்தார்கள். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. வாக்குமூலம் பதிவு செய்த உத்தியோகத்தருக்குத் தமிழ் அரைகுறையாகவே தெரிந்திருந்தது. இன்னொருவர் இடையில் நின்று மொழிபெயர்க்க, சிங்களத்தில் எழுதப்பட்டது. இரண்டு வசனங்களில் சுருக்கிச் சொல்லப்பட்டதைக் கேட்டு மாமி கையொப்பமிட்டார். வந்தவர்களில் ஒருவன் மற்றவனைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதை அவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். சட்டத்தரணி மூலம் பிரதியெடுத்து மொழிபெயர்த்துப் பார்த்தபோது அந்தப் பெயர் அதில் இல்லை. "நான் அந்தப் பேரைச் சொன்னனான் தம்பி, எழுதினவையோ இல்லையோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்று மாமி கேட்டார். வழக்கில் இருந்த ஒரே துப்பு அந்தப் பெயர்தான்.

எல்லாப் பொலிஸ் நிலையங்களிலும் இருபத்து நான்கு மணி நேரமும் தமிழ் பேசும் உத்தியோகத்தர்கள் இருக்க வேண்டும் என்று, போருக்குப் பின் அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இலேயே பரிந்துரைத்தது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தில் எழுதப்பட்ட மாகாணப் பொலிஸ் அதிகாரங்கள் இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. அந்த அரசியல் தீரும்வரை மாமி போன்றவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. தமிழில் எழுதி, தமிழில் வாசித்துக் காட்டிக் கையொப்பம் பெறும் ஓர் உத்தியோகத்தரை ஒவ்வொரு முறைநேரத்திலும் நிறுத்துவது நிர்வாகத்தால் இயலக்கூடிய காரியம்.

மொழி ஒரு தடை என்றால், பயம் அதைவிடப் பெரிய தடை. முகத்தைக் கண்ட சாட்சி அடையாள அணிவகுப்பில், நீதவானின் முன்னிலையில், வரிசையில் நிற்பவர்களுக்கு எதிரே நின்று ஒருவரைச் சுட்டிக்காட்ட வேண்டும். அவர் சுட்டிக்காட்டிய பையன் பிணையில் வெளிவந்து அதே சந்தியில் நிற்பான். பிணை வழங்குவது பொது விதி, மறுப்பது விதிவிலக்கு என்ற 1997ஆம் ஆண்டுப் பிணைச் சட்டத்தின் கொள்கை சரியானதே. ஆனால் சாட்சியின் படலைக்கு யார் பாதுகாப்பு? பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டம் 2015இல் வந்தது, 2023இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. சாட்சியை அச்சுறுத்துவது அதன்படி தனிக் குற்றம். எனினும் வாக்குமூலம் கொடுக்கப் போகும் ஒருவரிடம் இப்படியொரு பாதுகாப்பைக் கோரலாம் என்று எடுத்துச் சொன்னதாக என் சுற்றத்தில் எவரும் கூறக் கேட்டதில்லை.

இதற்கிடையில் பொலிஸார் மீதான நம்பிக்கை பட்ட அடிகளையும் சொல்லியாக வேண்டும். 2016 ஒக்டோபர் 20 இரவு, குளப்பிட்டிச் சந்திக்கு அருகில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் உயிரிழந்தது முதலில் விபத்தென்று கூறப்பட்டது. துப்பாக்கிச் சூடு என்பது பின்னரே வெளிவந்து, பொலிஸார் ஐவர் கைதாகினர். 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிஸாரால் கைது செய்யப்பட்ட இளைஞர் ஒருவர் உயிரிழந்ததையும் ஊர் மறக்கவில்லை. இரவில் மோட்டார் சைக்கிளில் வரும் பையன்கள் எல்லோரையும் மறித்து அடிப்பதால் எந்தக் குழுவும் கலையாது. அடி வாங்கிய பையனின் தாய், அடுத்த முறை தன் ஒழுங்கையில் வாளோடு வந்தவனைக் கண்டாலும் பொலிஸுக்குச் சொல்லமாட்டார்.

கைதாகும் பையன்களைப் பற்றியும் யோசிக்க வேண்டும். முதல் தடவை ஒரு கூட்டத்தோடு பின்னிருக்கையில் ஏறிப் போனவனும் பல வழக்குகளுடன் அலைபவனும் ஒரே விளக்கமறியலில் கிடந்தால், முதலாமவன் அங்கேயே புதிய தொடர்புகளைத் தேடிக்கொள்கிறான். 1999ஆம் ஆண்டின் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டத்தின்படி, சிறு குற்றங்களில் சிறைக்குப் பதிலாக மேற்பார்வையின் கீழ் சமூகப் பணியில் ஈடுபடுத்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அந்த வழியில் செல்லும் பையனுக்கு ஒரு தொழில் பழக இடமும், மாதம் ஒரு முறை வீட்டுக்கு வந்து விசாரிக்கும் உத்தியோகத்தரும் கிடைத்தால் போதும்; பெற்றோரில் பலர் அதற்கு ஏங்குகிறார்கள் என்பதை நான் அறிவேன்.

சிவில் பாதுகாப்புக் குழுக் கூட்டங்களில் பொறுப்பதிகாரியிடம் நாங்கள் வழமையாகக் கேட்பது ரோந்து கூட்டுவதையும் கமெரா பூட்டுவதையும்தான். இனி இவற்றையும் எழுத்தில் கேட்கலாம்: கடந்த ஆண்டில் இந்தப் பிரிவில் பதிவான வாள்வெட்டு முறைப்பாடுகளில் எத்தனை நீதிமன்றத்தில் முடிவடைந்தன, எத்தனை வாக்குமூலங்கள் தமிழில் எழுதப்பட்டன, எத்தனை சாட்சிகளுக்குப் பாதுகாப்புப் பற்றி விளக்கப்பட்டது? கிராம சேவையாளர் அக்கேள்விகளைக் கூட்டக் குறிப்பில் பதிந்துகொண்டால், அடுத்த கூட்டத்தில் பதிலைக் கேட்டு வாங்கலாம்.