வாரண்டி முடிய 2 மாதம் இருக்கும்போது எஞ்சின் மவுண்ட் போனது: என் அனுபவம்

பெங்களூரு சில்க் போர்டு சிக்னலில் நிற்கும்போது அம்மாதான் முதலில் சொன்னார். "ஏம்ப்பா, சீட்டுக்கு அடியில யாரோ தையல் மிஷின் ஓட்டுற மாதிரி இருக்கே?"

தினமும் ஓட்டுவதால் எனக்கு அது பழகிப் போயிருந்தது. அவர் சொன்ன பிறகுதான் கவனித்தேன். ஏசி ஓடுகிறது, கியர் டி-யில் (டிரைவ்) இருக்கிறது, கால் பிரேக்கில். பக்கத்தில் வைத்திருந்த பாட்டிலில் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. கியரை நியூட்ரலுக்கு மாற்றினேன், நடுக்கம் பாதியாகக் குறைந்தது. மறுபடி டி-யில் போட்டதும் ஸ்டியரிங் வரை ஏறி வந்தது.

2022 ஆகஸ்டில் எடுத்த வண்டி. 3 சிலிண்டர் பெட்ரோல், ஆட்டோமேட்டிக். 38,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. வாரண்டி 3 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை. எனக்கு 2025 ஆகஸ்ட் 17-ல் முடிகிறது. அம்மா சொன்ன நாள் ஜூன் 14.

அடுத்த வாரமே சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அட்வைசர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "3 சிலிண்டர் சார், இப்படித்தான் இருக்கும்" என்றார். அதில் பாதி உண்மைதான். 3 சிலிண்டர் எஞ்சின் இயல்பிலேயே கொஞ்சம் ஆடும், அந்த ஆட்டத்தை உள்ளே வராமல் தடுக்கத்தான் எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் இருக்கிறது. முதல் இரண்டு வருடம் வராத நடுக்கம் இப்போது ஏன் வருகிறது என்று கேட்டேன், பதில் இல்லை. வண்டியைக் கழுவிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து, வண்டியை விடும்போது புகாரை எழுதித் தரும் ஜாப் கார்டைப் பார்த்தால் "ஜெனரல் செக்கப்" என்று மட்டும் இருக்கிறது. நான் வாயால் சொன்ன புகார் எதுவும் காகிதத்தில் இல்லை. கையெழுத்துப் போடும்போது படிக்காமல் விட்டது என் தவறு.

மர்ஃபி டவுனில் தர்மபுரிக்காரர் ஒருவர் கேரேஜ் வைத்திருக்கிறார். என் பழைய வண்டியைப் பத்து வருடம் பார்த்தவர். அவரிடம் போனேன். முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார், ஹேண்ட் பிரேக் போடச் சொன்னார், என் காலை பிரேக்கில் அழுத்தி வைக்கச் சொன்னார். பானெட்டைத் திறந்துவிட்டுப் பக்கவாட்டில் போய் நின்றார். கியர் போட்ட வண்டிக்கு எதிரே அவர் எப்போதும் நிற்க மாட்டார், மற்றவர்களையும் நிற்க விடமாட்டார்.

"இப்ப டி போடு... ஆர் (ரிவர்ஸ்) போடு... மறுபடி டி."

ஒவ்வொரு முறையும் எஞ்சின் ஒரு பக்கமாக எழும்பி, 'டொக்' என்று உட்கார்ந்தது. லேசாக அசைவது சகஜம், இது அந்த அளவைத் தாண்டியது என்றார். எஞ்சினை அணைத்துவிட்டு டார்ச் அடித்துக் காட்டினார். வலது பக்க மவுண்டின் ரப்பர் விளிம்பில் நகக்கீறல் போல ஒரு வெடிப்பு, அதிலிருந்து கீழே ஓர் ஈரக்கோடு. அதில் தூசி ஒட்டிச் சேறாகியிருந்தது.

எஞ்சின் ஆயிலா என்று கேட்டேன். விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு இல்லை என்றார். இந்த மாதிரி வண்டிகளில் எஞ்சினைப் பெரும்பாலும் மூன்று இடத்தில் தாங்கியிருப்பார்கள்: வலதுபுறம் எஞ்சினுக்கு ஒன்று, இடதுபுறம் கியர்பாக்ஸுக்கு ஒன்று, கீழே முன்பின் ஆட்டத்தைப் பிடிக்க டார்க் ராடு. என் வண்டியில் வலது மவுண்ட் வெறும் ரப்பர் கட்டை இல்லை, உள்ளே திரவம் நிரம்பியது. ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது, வரும் மெதுவான நடுக்கத்தை அந்தத் திரவம்தான் உள்வாங்கும். அது கசிந்துவிட்டால் மிச்சம் இருப்பது சப்பையான ரப்பர். அப்படியே ஓட்டினால் பாரம் மற்ற இரண்டு மவுண்டுக்கும் போகும், சைலன்சர் பைப்பின் வளையும் பகுதிகூட அடிபடும்.

"நீங்களே மாத்திடுங்கண்ணே" என்றேன்.

"வேணாம் தம்பி. நான் ஸ்பேனர் வச்சா 'வெளிய கை வச்சுட்டாங்க'ன்னு சொல்லிடுவாங்க. உனக்கு வாரண்டி இருக்கு. வீடியோ எடுத்துக்கிட்டுப் போ."

அவர் காசு வாங்கவில்லை. அன்று அவர் சொன்னதைக் கேட்காமல் இருந்திருந்தால் பிறகு நடந்தது எதுவும் நடந்திருக்காது.

ஜூலை கடைசியில் இரண்டாவது முறை போனேன். டெக்னீஷியனை உட்கார வைத்து, ஏசி போட்டு, சிக்னல் சிக்னலாக ஓட்டிக் காட்டினேன். திரும்பி வந்ததும் மவுண்ட் போயிருப்பதை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ரப்பர் பார்ட்டுக்கு வாரண்டி கிடையாதாம், 9,400 ரூபாய் எஸ்டிமேட். கூடவே, வாரண்டி முடியப் போகிறது, எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு புத்தகத்தையும் கொடுத்தார்கள்.

அந்தப் புத்தகம்தான் எனக்கு உதவியது. இரவு அதையும் வண்டியோடு வந்த வாரண்டி புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். வண்டியோடு வந்ததில், சாதாரணத் தேய்மானத்தால் மாற்றவேண்டிய பாகங்களுக்கு வாரண்டி இல்லை என்று ஒரு பட்டியல்: வைப்பர் பிளேடு, பிரேக் பேட், கிளட்ச் பிளேட், ஃபில்டர், ரப்பர் புஷ். எஞ்சின் மவுண்ட் அதில் இல்லை. எக்ஸ்டெண்டட் வாரண்டி புத்தகத்திலோ எஞ்சின் மவுண்ட் என்று பெயர் சொல்லியே விலக்கியிருந்தார்கள். விலக்க நினைத்தால் பெயரைப் போட்டே விலக்குவார்கள் என்பது அதிலேயே தெரிந்தது. அந்த எக்ஸ்டெண்டட் வாரண்டியை நான் எடுக்கவில்லை. என் வண்டியில் வந்த கோளாறுக்கே அது உதவாது.

அக்கா வீட்டுக்காரர் ஓசூரில் வழக்கறிஞர். போனில் கேட்டேன். "முதல்ல அவங்க மறுக்குறத எழுத்துல வாங்கு" என்றார் மாமா. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருடம் அவகாசம் உண்டு, அதற்கு முன் 1915 உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம் என்றும் சொன்னார்.

டீலருக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் சேர்த்து ஒரு மெயில் அனுப்பினேன். கோபமாக எழுதவில்லை. வண்டி எண், கிலோமீட்டர், இரண்டு முறை வந்த தேதி, வீடியோ, இரண்டு புத்தகங்களின் பக்கங்கள். கடைசியில் ஒரே கேள்வி: இது எந்தப் பிரிவின்படி மறுக்கப்படுகிறது, எழுதித் தர முடியுமா? மூன்றாம் நாள் போன் வந்தது. ஏரியா சர்வீஸ் இன்ஜினியர் ஆகஸ்ட் 8 அன்று வண்டியைப் பார்ப்பாராம்.

அன்று ஜாப் கார்டில் என் புகாரை வரி வரியாக எழுதச் சொன்னேன். முதல் வரி: டி-யில் நிற்கும்போது நடுக்கம். இரண்டாவது வரி: ஆர்-லிருந்து டி மாற்றும்போது 'டொக்' சத்தம். எழுதி முடித்ததைப் படித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். இன்ஜினியர் வண்டியை லிஃப்டில் ஏற்றி, அடியில் எங்காவது அடிபட்டிருக்கிறதா என்று நெடுநேரம் தேடினார். இந்த ஊர் ஹம்ப்களில் எத்தனை முறை உரசியிருக்குமோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம். மவுண்ட் பக்கம் அடி எதுவும் இல்லை. வாரண்டியில் மாற்ற ஒப்புதல் கொடுத்தார்.

பார்ட் ஸ்டாக் இல்லை. 17-ம் தேதி வந்தது, போனது. அந்த நாட்களில் எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. தினமும் காலையில் போன் செய்வேன், ஜாப் கார்டு தேதிதான் கணக்கு என்பார்கள். மவுண்ட் 21-ம் தேதி வந்தது. பழையதைக் காட்டச் சொன்னேன். கட்டை விரலால் அழுத்தியதும் வெடிப்பிலிருந்து இரண்டு சொட்டு திரவம் வெளியே வந்தது. வீட்டுக்கு எடுத்துப் போகக் கேட்டேன், வாரண்டியில் மாற்றியது கம்பெனிக்குத் திரும்பிப் போகவேண்டுமாம். புது மவுண்டுக்குத் தனி வாரண்டி உண்டா என்று கேட்டதற்கு இல்லை என்றார்கள். புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

நடுக்கம் போய்விட்டது. டி-யில் நிறுத்தினால் பாட்டில் தண்ணீர் அசையவில்லை. ஆனால் 'டொக்' சத்தம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. 23-ம் தேதி திரும்பப் போனேன். வாரண்டி முடிந்து 6 நாள் ஆகிவிட்டது, இது வேறு கோளாறு, காசு கட்டவேண்டும் என்றார் அட்வைசர். ஆகஸ்ட் 8 ஜாப் கார்டை எடுத்து இரண்டாவது வரியைக் காட்டினேன். அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனார், இருபது நிமிடம் கழித்து வொர்க்ஸ் மேனேஜரோடு வந்தார். கீழே இருந்த டார்க் ராடின் புஷ்ஷும் கிழிந்திருந்தது. வலது மவுண்ட் போன பிறகு பாரம் முழுவதும் அதன் மேல் விழுந்திருக்கிறது என்று மேனேஜரே சொன்னார். செப்டம்பர் 1 அன்று அதையும் மாற்றிக் கொடுத்தார்கள். பில்லில் இரண்டு பார்ட் நம்பர், எதிரே 0 ரூபாய், புகார் பதிவான தேதி ஆகஸ்ட் 8.