68 டிகிரி எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

மகள் வீட்டு ஹாலில் தெர்மோமீட்டர் 61 காட்டியது. பாரன்ஹீட் கணக்கு, நமக்குப் பதினாறு டிகிரி. நியூஜெர்சியில் ஜனவரி மாதம். இரண்டு ஸ்வெட்டர், மங்கி குல்லா, அதற்கு மேல் கம்பளி என்று சோபாவில் மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தேன். "அபார்ட்மென்ட் ஆபீசில் ரெண்டு தடவை சொல்லியாச்சு மாமா, அட்ஜஸ்ட் பண்ணிக்குவோம்" என்றார் மாப்பிள்ளை. மதுரையில் 34 வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவனிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது.

"வாடகை ஒப்பந்தத்தை எடுங்க மாப்பிள்ளை" என்றேன்.

ஒப்பந்தத்தோடு ஒரு கையேடும் இருந்தது. வாடகைதாரரின் உரிமைகளைப் பற்றி மாநில அரசே போடுவது. இந்த மாதிரிப் பெரிய குடியிருப்புகளில் வீட்டுக்காரர் அதைக் கொடுத்தே ஆகவேண்டும். மகள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அதில் தெளிவாக இருந்தது: அக்டோபர் 1 முதல் மே 1 வரை, காலை 6 மணியிலிருந்து இரவு 11 வரை வீட்டுக்குள் குறைந்தது 68 டிகிரி. இரவு நேரத்தில் 65.

குமாஸ்தா புத்தி சும்மா இருக்குமா? எந்தப் பிரிவு என்று தேடினேன். மூன்று வீடும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களுக்கென்று 1967-இல் இங்கே சட்டசபை ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. ஆனால் 68 என்ற எண் அந்தச் சட்டத்தின் கீழ் மாநிலத்தின் சமூக விவகாரத் துறை வகுத்த விதிகளில் இருக்கிறது. நம்மூரில் ஆக்ட் ஒரு புத்தகம், ரூல்ஸ் ஒரு புத்தகம் என்று வைத்திருப்போமே, அதேதான். சட்டசபை சட்டத்தைப் போடும். எத்தனை டிகிரி, எத்தனை அடி என்பதைத் துறை எழுதும். துறை எழுதிய விதியை மீறினாலும் சட்டத்தை மீறியது மாதிரிதான்.

சரி, சூடு வரவில்லை, வீட்டுக்காரர் அசையவில்லை. அப்புறம்? இதற்கு விடை முதலில் வந்தது ஒரு தீர்ப்பிலிருந்து. அந்தத் தீர்ப்பைப் படித்த இரவு எனக்குக் குளிரே தெரியவில்லை.

1969-இல் கேம்டன் என்ற ஊரில் மாதம் 95 டாலர் வாடகைக்குக் குடியிருந்தார் ஒரு பெண். கழிப்பறைக் கோப்பையில் விரிசல் விட்டுத் தண்ணீர் ஒழுகியது. வீட்டுக்காரருக்குச் சொல்லிப் பார்த்தும் ஆள் கிடைக்கவில்லை. அவரே பிளம்பரை வைத்துச் சரிசெய்தார். செலவு 85 டாலர் 72 சென்ட். அடுத்த மாத வாடகையில் அதைக் கழித்துக்கொண்டு மீதி 9 டாலர் 28 சென்ட்டை ரசீதோடு அனுப்பினார். வாடகை பாக்கி, காலி செய் என்று வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போனார். ரிப்பேர் யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லை. கீழ்க் கோர்ட்டில் வீட்டுக்காரருக்கே ஜெயம். மாநில சுப்ரீம் கோர்ட் 1970-இல் அதை மாற்றியது. ஒருவர் குடியிருக்க வீடு விடுகிறார் என்றால், அது குடியிருக்கத் தகுந்ததாக இருக்கும் என்ற வாக்குறுதி எழுதாமலே அந்த ஒப்பந்தத்தில் அடங்கியிருக்கிறது. அத்தியாவசியமான ரிப்பேரை வீட்டுக்காரர் செய்யாவிட்டால், நியாயமான செலவை வாடகையில் கழிக்கலாம் என்றது. மரினி எதிர் ஐர்லாந்து என்று வழக்கின் பெயர். மரினி வீட்டுக்காரர், ஐர்லாந்து அந்தப் பெண். சட்டசபை எழுதாத சட்டம், நீதிபதிகள் எழுதியது. இங்கிலாந்திலிருந்து நமக்கும் இவர்களுக்கும் வந்த பொதுச் சட்ட மரபு இது. ஏ.ஐ.ஆர். என்ற தீர்ப்புத் தொகுப்பு வால்யூம்களைச் சுமந்து சுமந்து தோள் தேய்ந்தவனுக்குப் புரியாமல் போகுமா?

புரியாமல் போனது வேறொன்று. அந்தக் கழிப்பறை வழக்கு ஏன் வாஷிங்டனுக்குப் போகவில்லை? மெட்ராஸ் ஹைகோர்ட்டில் தோற்றால் டெல்லி என்று பழகியவன் நான். இங்கே அப்படியில்லை. நியூஜெர்சிக்கு 1947-இல் எழுதிய சொந்த அரசியல் சாசனம், ஏழு நீதிபதிகள் கொண்ட சொந்த சுப்ரீம் கோர்ட். மாநிலச் சட்டத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வதே கடைசி. அமெரிக்க அரசியல் சாசனமோ மத்தியச் சட்டமோ சம்பந்தப்பட்டால்தான் வாஷிங்டனில் இருக்கும் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் தலையிட முடியும். ஆகவே இந்த நாட்டில் "சட்டம் என்ன சொல்கிறது?" என்று கேட்பதற்கு முன் "யாருடைய சட்டம்?" என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பெட்ரோல் பங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நியூஜெர்சியில் நாமே பெட்ரோல் போடக்கூடாது. 1949-ஆம் வருஷத்துச் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. டெலவேர் ஆற்றைத் தாண்டினால் பென்சில்வேனியா. அங்கே நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். ஏழு வருஷமாக இங்கே கார் ஓட்டும் மாப்பிள்ளை அக்கரையில் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு முழித்ததை நான் பார்த்தேன்.

அது சிரிப்பு. கஞ்சா விஷயம் சிரிப்பில்லை. 2022 ஏப்ரலிலிருந்து இந்த மாநிலத்தில் 21 வயதானவர்களுக்குக் கடை வைத்தே விற்கிறார்கள். மத்தியச் சட்டப்படி அது குற்றம். மாநிலச் சட்டம் மத்தியச் சட்டத்தோடு மோதினால் மத்தியச் சட்டம்தான் நிற்கும் என்று அரசியல் சாசனத்தின் ஆறாவது ஷரத்து சொல்கிறது. மாநில போலீஸ் பிடிக்காது, சரி. ஆனால் குடியுரிமை கொடுப்பது மத்திய அரசு. மாநிலத்தில் அனுமதி இருந்தாலும் கஞ்சாப் பழக்கம் விண்ணப்பதாரரின் நன்னடத்தைக்குக் குறையாகலாம் என்று குடியேற்றத் துறை 2019-இல் சொல்லிவிட்டது. மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர், கிரீன் கார்டுக்காரர், "இங்கே லீகல்தானே அங்கிள்?" என்றார். யாருக்கு லீகல் என்று கேட்டேன்.

"போலீசில் சொல்லலாமாப்பா?" என்று மகள் கேட்டாள். சூடு வராததற்குப் போலீஸ் எதற்கு? இது சிவில் என்றேன். கிரிமினல் என்றால் அரசாங்கமே வழக்குப் போடும், நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். சிவிலில் தராசு கொஞ்சம் நம் பக்கம் சாய்ந்தால் போதும். அமெரிக்கன் ஃபுட்பால் நட்சத்திரம் ஓ.ஜே. சிம்சன், மாஜி மனைவியையும் அவருடைய நண்பரையும் கொன்றதாகப் போட்ட வழக்கில் 1995-இல் விடுதலையானார். அதே சாவுகளுக்காக 1997-இல் சிவில் ஜூரி அவரைப் பொறுப்பாக்கி 3.35 கோடி டாலர் கட்டச் சொன்னது. இதைச் சொன்னதும் மகளுக்கு உடனே புரிந்தது. டிவியில் பார்த்திருக்கிறாள்.

வழக்கெல்லாம் போடவில்லை. வாடகையிலும் கை வைக்கவில்லை. அதற்கு முன்னால் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். ஐந்து நாள் காலை, மதியம், இரவு வெப்பநிலையைக் குறித்துவைத்தேன். மகள் ஆங்கிலத்தைச் சீர்செய்ய, கடிதம் தயாரானது. 68, 65 இரண்டையும் விதியைச் சொல்லிக் குறிப்பிட்டு, மாநிலக் கட்டட ஆய்வுப் பிரிவுக்கும் எழுதுவோம் என்று கடைசியில் ஒரு வரி. பதிவுத் தபாலில் போகட்டும் என்றேன். மாப்பிள்ளை இமெயில் போதும் என்றார். இரண்டிலும் அனுப்பினோம்.

மூன்றாம் நாள் ஆள் வந்து ஏதோ வால்வை மாற்றிவிட்டுப் போனார். அன்று ராத்திரி 69. குல்லாவைக் கழற்றி மடித்துப் பெட்டியில் வைத்தேன். தபால் ரசீதைக் கடிதத்தின் நகலோடு சேர்த்துக் குத்தி, மேலே தேதி எழுதி மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். எதற்கு மாமா என்றார். மே 1 வரைக்கும் வைத்திருங்கள் என்றேன்.