தடைக்காலம் முடிவதற்குள் சர்டிபிகேட்டை வாங்கிவிடுங்கள்

காலேஜில் சேரும்போது ஃபீஸ் சலுகைக்கும் உதவித்தொகைக்கும் வேண்டிய சான்றிதழ்களைப் பற்றித்தான் இது. நான் பிளஸ் டூ முடித்தது 2022-இல். அந்த வருடம் ரிசல்ட் ஜூன் 20-ஆம் தேதிதான் வந்தது. மீன்பிடித் தடைக்காலம் 14-ஆம் தேதியே முடிந்து, அப்பா காசிமேட்டிலிருந்து விசைப்படகில் ஏறிப் போய் அதற்குள் ஐந்து நாள் ஆகிவிட்டது. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், முதல் பட்டதாரி சான்றுக்குக் கொடுக்கிற உறுதிமொழியில் அப்பா கையெழுத்து வேண்டும், இ-சேவையில் எதைப் போட்டாலும் ஓடிபி அப்பா போனுக்குத்தான் போகும், அந்தப் போன் கடலில் டவர் இல்லாமல் கிடந்தது. ஏப்ரல் 15-இலிருந்து 61 நாள் வீட்டிலேயே வலை பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷன். "ரிசல்ட் வரட்டும்ப்பா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொன்னது நான்தான்.

இப்போதெல்லாம் ரிசல்ட் மே முதல் வாரத்தை ஒட்டியே வந்துவிடுகிறது, அதனால் கவுன்சிலிங் பதிவு, சான்றிதழ் எல்லாம் தடைக்காலத்துக்குள்ளேயே வரும். ஆனாலும் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். சாதி, வருமானம், முதல் பட்டதாரி மூன்றையும் பரீட்சை முடிந்த வாரமே போட்டுவிடுங்கள். உதவித்தொகையைப் பொறுத்தவரை மார்க்குக்கு முன்னால் பேப்பரைத்தான் கேட்கிறார்கள்.

முதல் பட்டதாரி சலுகைக்குச் சாதி, வருமானம் எதுவும் பார்ப்பதில்லை. வீட்டில் உங்களுக்கு முன் யாரும் டிகிரி முடித்திருக்கக் கூடாது, கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தனியார் பொறியியல் கல்லூரி என்றால் வருடத்துக்கு 25,000 ரூபாய் கழியும். என் விண்ணப்பம் முதல் தடவை திரும்பி வந்தது. காரணம் என் அக்கா. அவள் பி.காம் இரண்டாம் வருடத்தோடு நின்றவள், டிகிரி வாங்கவில்லை, ஆனால் ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறது, அவள் என்ன படித்தாள் என்பதற்குப் பேப்பர் எங்கே என்று கேட்டார்கள். கல்யாணமாகி மீஞ்சூரில் இருக்கிறவளிடம் போய் டிசியை வாங்கி வந்து ஸ்கேன் பண்ணிப் போட வேண்டியதாயிற்று. கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேர் டிசியையும் முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வருமானச் சான்றில் இன்னொரு கூத்து. படகில் பங்குக்குப் போகிறவருக்கு ஏது சம்பளச் சீட்டு? அம்மா ஏதோ சொல்ல, டைப் அடித்த பையன் வேறேதோ அடித்து, ஆண்டு வருமானத்தில் ஒரு பூஜ்யம் கூடிப்போனது. எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக், அதாவது பத்தாவதுக்கு மேல் படிக்கிறவர்களுக்கான உதவித்தொகைக்கு வரம்பு இரண்டரை லட்சம். இப்படி ஒரு பூஜ்யம் தவறி விழுந்தால் அந்த வருடம் போச்சு. சப்மிட் அழுத்துவதற்கு முன் ஸ்கிரீனைத் திருப்பச் சொல்லி எண்ணிப் பாருங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எனக்குக் கிடைக்கவில்லை. 2020-இல் மருத்துவத்துக்கு வந்து, 2021-இல் பொறியியல், சட்டம், வேளாண்மை எல்லாவற்றுக்கும் வந்தது. அதில் சீட்டு கிடைத்தால் டியூஷன் ஃபீஸ் மட்டுமில்லை, ஹாஸ்டல் செலவும் அரசே கட்டுகிறது. ஆனால் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளி கணக்கில் வரும், அரசு உதவி பெறும் பள்ளி வராது. எட்டு வரைக்கும் மாநகராட்சிப் பள்ளியில் இருந்த என்னை "நல்ல ஸ்கூல்" என்று ஒன்பதாவதில் உதவி பெறும் பள்ளிக்கு மாற்றினார்கள். அப்போது இந்தச் சட்டமே இல்லை, யாரைக் குறை சொல்வது? இப்போது எட்டாவது, ஒன்பதாவதில் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

புதுமைப்பெண் திட்டமும் அப்படித்தான். 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி நம்ம ஏரியா பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கினார்கள், அரசுப் பள்ளியில் படித்துக் காலேஜ் சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்கு தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. உதவி பெறும் பள்ளியில் தமிழ் மீடியம் படித்த பெண்களுக்கு 2024 டிசம்பர் கடைசியில்தான் நீட்டித்தார்கள், அப்போது நான் மூன்றாம் வருடம். சரி, இனியாவது வரும் என்று பார்த்தால் கூடப் படித்தவளுக்கு ஏறுகிறது, எனக்கு ஏறவில்லை. பேங்கில் கேட்டால் "ஆதார் லிங்க் ஆகியிருக்கேம்மா" என்றார்கள். லிங்க் வேறு, சீடிங் வேறு என்பது அப்புறம்தான் புரிந்தது. சீடிங் என்றால் அரசுப் பணம் எந்த பேங்குக்கு வர வேண்டும் என்று ஆதார் எண்ணுக்கு எதிரே பதிவது, கடைசியாக அப்படிப் பதிந்த அக்கவுண்டுக்குத்தான் பணம் போகும். என்னுடையது ஏழாவது படிக்கும்போது பள்ளியில் திறந்து கொடுத்த ஜீரோ பேலன்ஸ் அக்கவுண்டைக் காட்டியது, அது எப்போதோ முடங்கிப்போனது. ஆதார் இணையதளத்தில் எந்த பேங்க் என்று இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

ஏஜென்ட் விஷயம். ரிசல்ட் வந்த அன்றைக்கே போன் வரும், கவுன்சிலிங்குக்கு எதுக்கு அலையறீங்க, 10,000 கட்டி சீட்டைப் பிடிங்க என்று. எங்கள் தெருப் பையன் கட்டினான், ஒரிஜினல் மார்க் ஷீட், டிசி எல்லாவற்றையும் கொடுத்தான். கவுன்சிலிங்கில் அவனுக்கு நல்ல ரேங்க். ஒரிஜினலைக் கேட்டால் முழு வருட ஃபீஸைக் கட்டிவிட்டு எடுத்துப் போ என்றார்கள். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் முதல் பட்டதாரி சலுகையும் இல்லை, 7.5-உம் இல்லை. ஒரிஜினலைக் கையை விட்டு விடாதீர்கள்.

கல்விக் கடனைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை, மேனேஜர் பத்திரம் கேட்டால் அதைச் சொல்லுங்கள், குரலை உயர்த்தாமல்.

அப்புறம், இ-சேவைக்குக் கிளம்பும்போது அப்பா போனுக்கு ரீசார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் போன முதல் நாள் அதற்காகவே திரும்பி வந்தேன்.