சர்வர் கனெக்ட் ஆன உடனே பைல் மேனேஜர் மூடிக்குது

ஜூன் 10, செவ்வாய்

ஸ்கேன் பண்ண பழைய பத்திரிகை பக்கமெல்லாம் ஆபீஸ் சர்வர்ல இருக்கு, என் லினக்ஸ் மெஷின்ல பைல் மேனேஜர தொறந்து எஸ்எஃப்டிபி (நெட்வொர்க் வழியா பாதுகாப்பா பைல் எடுக்கற முறை) அட்ரஸ் போட்டுதான் எப்பவும் எடுப்பேன். இன்னைக்கு புது இன்ஸ்டால்ல போட்டேன், பாஸ்வேர்ட் கேட்டுச்சு, குடுத்தேன், சைடுல சர்வர் பேர் வந்துச்சு, போல்டர் லேசா தெரிஞ்சுது, அவ்ளோதான் விண்டோவே காணோம். எரர்னு ஒரு வரி கூட வரல. லோக்கல் போல்டர் எல்லாம் ஒழுங்கா தொறக்குது, சர்வர தொட்டா மட்டும் போயிடுது.

ஜூன் 11, புதன்

சர்வர பாத்துக்கற அண்ணன் "நம்ம பக்கம் எல்லாம் ஓகேதான்பா"ன்னாரு. அவர் சொன்னது சரிதான். டெர்மினல்ல எஸ்எஸ்எச் (வேற மெஷினுக்குள்ள லாகின் பண்ற கமாண்ட்) உடனே உள்ள விடுது, பைல் பட்டியல் காட்டுற ஜிஐஓ லிஸ்ட் கமாண்டுக்கு அதே அட்ரஸ குடுத்தா பைல் பேரெல்லாம் கொட்டுது. நான் வச்சிருக்கற க்னோம் டெஸ்க்டாப்ல 2008ல ஜிவிஎஃப்எஸ்ங்கற பைல் எடுத்து குடுக்கற அமைப்பு வந்ததுலேர்ந்து சர்வர்கிட்ட பேசுறது பைல் மேனேஜர் இல்ல, பின்னாடி ஓடுற தனி டீமன் ப்ரோகிராம், ரெண்டும் டீபஸ்ங்கற மெசேஜ் அனுப்புற வசதி வழியாதான் பேசிக்கும். அதான் விண்டோ செத்தும் கனெக்ஷன் அப்படியே உயிரோட இருக்கு. அப்போ நெட்வொர்க்க நோண்டி பிரயோஜனமே இல்ல.

ஜூன் 12, வியாழன்

கிராஷ் பதிவ காட்டுற கோர்டம்ப்சிடிஎல்ல பாத்தா சிக்னல் 11, செக்மெண்டேஷன் ஃபால்ட், அதாவது தொடக்கூடாத மெமரிய தொட்டிருக்கு. ஜிடிபிங்கற டீபக்கர்ல தொறந்தேன், டீபக் சிம்பல் (கோடுல எந்த இடம்னு பேர் காட்டுற தகவல்) எல்லாம் டீபக்இன்ஃபோடி சர்வர்லேர்ந்து தானாவே இறங்கிக்குச்சு (இந்த வசதி வந்தது எவ்ளோ பெரிய நிம்மதி தெரியுமா, முன்னாடி ஒவ்வொரு பேக்கேஜா தேடி போடணும்). பேக்ட்ரேஸ்ல (விழுந்தப்போ எந்த ஃபங்ஷன் எத கூப்பிட்டுச்சுங்கற வரிசை) மேல எழுத்து நீளத்த எண்ணுற எஸ்டிஆர்லென் ஃபங்ஷன், அதுக்கு கீழ பைல் மேனேஜரோட கோடே இல்ல, ஐக்கான் மேல குட்டி அடையாளம் போடுற ஒரு எக்ஸ்டென்ஷன்! எக்ஸ்டென்ஷன் தனி ப்ராசஸ் கிடையாது, பைல் மேனேஜருக்குள்ளயே லோடு ஆகும், அது விழுந்தா மொத்தமும் விழும்.

ஜூன் 13, வெள்ளி

காரணம் புரிஞ்சிடுச்சு. ரிமோட் பைலுக்கு யூஆர்ஐ (எஸ்எஃப்டிபி மாதிரி முழு அட்ரஸ்) இருக்கும், லோக்கல் பாத் (நம்ம மெஷின்ல இருக்கற போல்டர் வழி) இருந்தே ஆகணும்னு இல்ல. ரிமோட் பைல லோக்கல் போல்டர் மாதிரி காட்டுற ஜிவிஎஃப்எஸ்ஸோட ஃபியூஸ் பேக்கேஜ் இருந்தா /run/user/1000க்கு கீழ ஒரு பாத் கிடைக்கும், இல்லன்னா நல் (NULL, ஒண்ணுமே இல்லன்னு அர்த்தம்) தான் வரும். புது இன்ஸ்டால்ல அந்த பேக்கேஜ் வரல, எக்ஸ்டென்ஷன் வந்தது NULL-ஆன்னு பாக்காமலே நீளத்த எண்ண போயிருக்கு. ஃபியூஸ போட்டா கிராஷ் நிக்குது. ஆனா அத தீர்வுன்னு என்னால ஏத்துக்க முடியல, கோளாறு உள்ளயேதான இருக்கு, நாளைக்கு இதே மாதிரி இன்ஸ்டால் பண்ற வேற யாருக்கோ விழும். முழு பேக்ட்ரேஸ், வெர்ஷன் நம்பர், ஃபியூஸ் இல்லாம எப்படி வரவழைக்கறதுன்னு எல்லாம் எழுதி எக்ஸ்டென்ஷன் பண்றவங்களுக்கு அனுப்பியாச்சு, பைல் மேனேஜர் ஆளுங்க தலையில போட வேண்டிய பக் இல்ல இது.

ஜூன் 16, திங்கள்

எக்ஸ்டென்ஷன் பண்றவங்ககிட்டேர்ந்து பேட்ச் (கோடுல திருத்தம்) வந்துச்சு, பாத் இல்லாத பைல தாண்டி போயிடற மாதிரி. ஃபியூஸ திரும்ப எடுத்துட்டு, பேட்ச் போட்டு கம்பைல் பண்ணி கனெக்ட் பண்ணேன், போல்டர் தொறந்து அப்படியே நிக்குது. சரியாயிடுச்சுன்னு அவங்களுக்கு எழுதிட்டேன், பத்திரிகை பக்கமெல்லாம் காப்பி ஆகிட்டு இருக்கு.